கணக்குக் கேட்டதும் கடவுளிடம் கத்தியதும் கலகமா?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு. முதலில் உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி திருப்பிச் சொல்கிறேன். சபைக் கட்டடத்துக்குச் சேர்த்த காணிக்கைக்குக் கணக்குக் கேட்டீர்கள். அடுத்த ஞாயிறு, மோசேயை எதிர்த்த கோராகின் கலகத்தைப் பற்றிப் பிரசங்கம் நடந்தது. "இரண்டகம்பண்ணுதல் பில்லிசூனிய பாவத்திற்குச் சரி" என்ற வசனத்தை உங்கள் பக்கம் பார்த்தே சொன்னார்கள். நான்கு மாதம் கழித்து உங்கள் தம்பி காய்ச்சலில் இறந்துபோனார். அன்றிரவு வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று, "நீயெல்லாம் ஒரு கடவுளா" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினீர்கள். அதற்குப் பிறகு ஜெபிக்க வாய் வரவில்லை. கடவுளை எதிர்த்து விழுந்த தேவதூதன் லூசிபரின் பாவத்தை நானும் செய்துவிட்டேனா, எனக்கு மன்னிப்பு உண்டா, என் கலகத்துக்குத் தண்டனையாகத்தான் தம்பி போனானா, பாட முடியாதவள் ஆராதனைக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள்.

தம்பியைப் பற்றிய கேள்விக்குப் பதில் காத்திருக்கக் கூடாது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்டார். "அப்படியல்ல" என்று அவரே பதிலும் சொன்னார். பிறவியிலேயே பார்வையில்லாதவனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோதும், இவனுமல்ல, இவனைப் பெற்றவர்களுமல்ல என்றார். உங்கள் தம்பியின் சாவுக்கும் நீங்கள் கேட்ட கணக்குக்கும் முடிச்சுப் போட யாருக்கும் அதிகாரமில்லை. அப்படிப் போட்டவர் யாராக இருந்தாலும் இயேசு மறுத்த ஒன்றைத்தான் சொல்லியிருக்கிறார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் ஏன் இறந்தார் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. பதில் இருப்பதாக நடிக்கவும் மாட்டேன்.

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள எஸ்டேட் லைன் வீடுகளில் பல ஆண்டுகள் போதகராக இருந்தேன். பிறகு ஓர் இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடும் எபிரெயமும் கற்பித்தேன். இப்போது ஓய்வு. உங்கள் சபையின் கணக்கு சரியா தவறா என்று இங்கிருந்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள்மேல் எறிந்த வசனங்களை வாழ்நாள் முழுதும் வாசித்திருக்கிறேன். அவற்றைப் பற்றிப் பேச முடியும்.

லூசிபரிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் தமிழ் பைபிளில் தேடிப் பாருங்கள், அந்தப் பெயர் இருக்காது. ஏசாயா 14-ஆம் அதிகாரத்தில் "அதிகாலையின் மகனாகிய விடிவெள்ளியே, நீ வானத்திலிருந்து விழுந்தாயே" என்று ஒரு வரி வருகிறது. விடிவெள்ளிக்கு லத்தீனில் உள்ள சொல்தான் லூசிபர். லத்தீன் பைபிளின் இரண்டாம் பேதுருவில், இருதயங்களில் உதிக்கப்போகும் விடிவெள்ளிக்கும் இதே சொல்தான். நான்காம் நூற்றாண்டில் சார்டினியாத் தீவில் லூசிபர் என்ற பெயருடன் ஒரு பேராயரே இருந்தார். ஏசாயாவின் அந்தப் பாடல் யாரைப் பற்றியது என்று அதன் நான்காம் வசனமே சொல்கிறது: பாபிலோன் ராஜா. மக்களை நொறுக்கி ஆண்ட ஒரு பேரரசன் வீழ்ந்ததைப் பார்த்து அடிமைப்பட்டவர்கள் பாடும் ஏளனப் பாட்டு அது. எசேக்கியேல் 28-ம் தீரு பட்டணத்தின் ராஜாவைப் பற்றிய புலம்பல்தான். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற இறையியல் அறிஞர் ஏசாயாவின் வரிகளைச் சாத்தானின் வீழ்ச்சியாக வாசித்தார். பின்வந்த பலர் அந்த வழியில் போனார்கள். சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் கால்வினும் அதை ஏற்கவில்லை. இன்று நம் மனக்கண்ணில் நிற்கும் கம்பீரமான கலகக்காரத் தேவதூதனின் உருவத்துக்கு, 1667-இல் வெளிவந்த மில்டனின் ஆங்கிலக் காவியம் பெரிய காரணம்.

தேவதூதர்களின் வீழ்ச்சியே கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை. யூதாவின் நிருபம், இரண்டாம் பேதுரு, வெளிப்படுத்தல் 12 ஆகியவை அதைத் தொட்டுச் செல்கின்றன. திருச்சபையும் தொடக்கத்திலிருந்தே அதை நம்பி வந்திருக்கிறது. ஆனால் ஏன் விழுந்தார்கள் என்பதை வேதம் விரித்துச் சொல்லவில்லை, அறிஞர்கள்தான் யோசித்திருக்கிறார்கள். அகஸ்டீன் அதைப் பெருமை என்றார்: கடவுளை நோக்கியிருக்க வேண்டிய ஓர் உயிர் தன்னையே தனக்கு ஆதாரமாக்கிக்கொள்வது. கடவுள் தரும் பேரின்பத்தை அவருடைய கிருபையால் பெறாமல் தன் சொந்த வலுவால் அடைய நினைத்தான் என்றார் தாமஸ் அக்குவினாஸ். இந்த இரண்டு விளக்கங்களையும் அன்றிரவு தேயிலைத் தோட்டத்தில் நின்ற உங்கள் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். தம்பியைப் பறிகொடுத்து, நீ எங்கே போனாய் என்று கதறிய பெண்ணிடம், எனக்கு நானே போதும் என்ற நினைப்பு எங்கே இருக்கிறது?

இனி, உங்கள் பக்கம் பார்த்துச் சொன்ன வசனம். முதலாம் சாமுவேல் 15:23. "உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே" என்று நாம் சொல்வோமே, அந்த இரண்டகம்தான். முகத்துக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். அமலேக்கியரிடமிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்பது சவுல் ராஜாவுக்குக் கட்டளை. கொழுத்த ஆடுமாடுகளை வைத்துக்கொண்டு, தீர்க்கதரிசி சாமுவேல் வந்தவுடன் "கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன்" என்று அவனே முந்திக்கொண்டு சொல்கிறான். அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்கிறார் சாமுவேல். கர்த்தருக்குப் பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்பது சவுலின் பதில். அதற்கு வந்த மறுமொழிதான் இந்த இரண்டக வசனம். அதிகாரத்தில் இருப்பவன் நல்லதைத் தனக்கென்று ஒதுக்கிவிட்டு "இது கடவுளுக்கு" என்று சொன்னதற்குக் கிடைத்த கண்டனம் அது. ஆடுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டவனுக்கு எதிராக அந்தச் சொல் பேசப்படவில்லை. கேட்டவர் சாமுவேல்தான்.

கோராகு இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியவன். எண்ணாகமம் 16-ஆம் அதிகாரத்தில் அவனும் தாத்தானும் அபிராமும் இருநூற்றைம்பது தலைவர்களைக் கூட்டிக்கொண்டு மோசேக்கு எதிராக எழும்பினார்கள். "சபையார் எல்லாரும் பரிசுத்தமானவர்கள்" என்ற அவன் பேச்சு கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் உள்ளே இருந்தது ஆசாரியப் பட்டம் வேண்டும் என்ற ஆசை என்று மோசே பத்தாம் வசனத்தில் உடைத்துச் சொல்கிறார். ஆகவே இந்தக் கேள்வியை உங்களிடமும் கேட்கத்தான் வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்: கணக்குக் கேட்டபோது உங்களுக்கு வேண்டியிருந்தது கணக்கா, அந்த இடமா? இதை உங்கள் மனசாட்சிதான் அறியும். இடம் வேண்டும் என்ற எண்ணம் ஓர் ஓரத்தில் இருந்திருந்தால் அதைக் கடவுளிடம் சொல்லிவிடுங்கள். இல்லை என்றால் கோராகின் சட்டை உங்களுக்குப் பொருந்தாது.

அதே அதிகாரத்தில் மோசே என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். முகங்குப்புற விழுந்தார். பிறகு, அவர்களுடைய ஒரு கழுதையைக்கூட நான் எடுத்துக்கொள்ளவில்லை என்று கடவுளின் முன்னால் சொன்னார். தேவன் நியமித்த தலைவர் என்று வேதமே சாட்சி சொல்லும் மனிதர், எதிர்ப்பு வந்தவுடன் தன் கையைத் திறந்து காட்டுகிறார். எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் திரட்டிய பவுலும் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு போகவில்லை. யாரும் குற்றம் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று தீத்துவையும், சபைகளே தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் உடன் வைத்துக்கொண்டார். புதிய ஏற்பாட்டில் கோராகின் பெயர் வரும் ஒரே இடம் யூதாவின் நிருபம். அங்கே அந்தப் பெயர் யார்மேல் விழுகிறது தெரியுமா? அன்பின் விருந்துகளில் பயமின்றித் தங்களையே மேய்த்துக்கொள்கிறவர்கள்மேல்.

இன்னொரு வசனமும் உங்களிடம் சொல்லப்பட்டிருக்கும், எழுதாமல் விட்டிருப்பீர்கள். "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்." சங்கீதம் 105-இல் இது யாருக்குச் சொல்லப்பட்டது? ராஜாக்களுக்கு. யாரைத் தொடக்கூடாது? தேசம் விட்டுத் தேசம் அலைந்த, கொஞ்சப் பேராக இருந்த ஆபிரகாமின் குடும்பத்தை. இந்த மலையில் இருந்துகொண்டு அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர்கள், 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் எண்ணிக்கையாகப் பேசி முடிக்கப்பட்டு, பெட்டியும் பாயுமாக இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து இறங்கியவர்கள்தான். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று தலைகளை எண்ணிப் பிரித்தார்கள். அவர்களைக் கேட்டுப் பிரிக்கவில்லை. அப்படிப்பட்டவர்களை வலியவர்கள் தொடக்கூடாது என்று வேலி கட்டுகிற வசனம் அது. அந்த வேலியைப் பிடுங்கிப் பிரசங்க மேடையைச் சுற்றி நட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

லைன் வீடுகளில் ஊழியம் செய்த நாட்களில் ஒரு மாலை கொழுந்து எடை போடும் கொட்டகையின் அருகில் நின்றிருந்தேன். மழையில் நனைந்த கொழுந்து. ஒரு பெண் தன் சாக்கைத் தராசில் தொங்கவிட்டுவிட்டு முள்ளைப் பார்க்கக் கழுத்தை நீட்டினார். எடை எழுதியவர் ஒன்றும் சொல்லவில்லை, தராசின் முகத்தை மெதுவாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, வெறும் சாக்கை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு போனார். அந்த ஞாயிறு அதே பெண் கோவிலில் அதே போல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்ததைக் கண்டேன். தலைமுறை தலைமுறையாகத் துரைக்கும் கங்காணிக்கும் பயந்த மக்கள் நாம். கேட்டால் வேலை போகும், வீடு போகும். அந்தப் பயம் அப்படியே கோவிலுக்குள் வந்து, கடவுள் பெரிய துரையாகவும் போதகர் அவருடைய கங்காணியாகவும் ஆகிவிட்டார்கள். போதகனாக அந்தப் பயத்தின் சுகத்தை நானும் அனுபவித்திருக்கிறேன். அதற்காக வருந்துகிறேன். மந்தையை இறுமாப்பாய் ஆளாமல் மாதிரியாக இருங்கள் என்று மேய்ப்பர்களுக்கு எழுதினவர் பேதுரு. அதே பேதுருவை அந்தியோகியாவில் பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார். அது தேவ அதிகாரத்துக்கு எதிரான கலகம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபிரெயர் 13:17-உம் வேதவாக்கியம்தான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த வசனமே, அவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் என்றும் சொல்கிறது.

இனி நீங்கள் கடவுளிடம் கத்தியது. யோபுவின் நண்பர்கள் கடவுளுக்காக வாதாடினார்கள். யோபு கடவுளோடு வாதாடினான். எலிகூ என்ற இளைஞன் வந்து, யோபு தன் பாவத்தோடு மீறுதலையும் கூட்டிக்கொண்டான் என்று குற்றம் சாட்டுகிறான். மீறுதல் என்று நம் பைபிளில் உள்ள அந்த எபிரெயச் சொல் பேஷா. அதன் வினைச்சொல்தான் இரண்டாம் இராஜாக்கள் முதல் வசனத்தில், மோவாப் தேசம் இஸ்ரவேலின் ஆட்சியிலிருந்து பிரிந்துபோனதைச் சொல்கிறது. உறவை அறுத்துக்கொண்டு போவது அந்தச் சொல்லின் உயிர். யோபு அறுத்துக்கொண்டு போகவில்லை. போயிருந்தால் அந்தப் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தோடு முடிந்திருக்கும். கடைசியில் கடவுள் அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசிடம், "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார்.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். யோபு பேசியது எல்லாம் சரி என்று திருச்சபை ஒரே குரலில் சொன்னதில்லை. பெரிய கிரகோரி அவன் சொல்லில் பாவம் செய்யவில்லை என்று நீண்ட விளக்கம் எழுதினார். கால்வினோ, யோபுவின் வழக்கு நல்லது, வாதாடிய விதம் தவறு என்று பிரசங்கித்தார். அறிவில்லாத வார்த்தைகள் என்று கடவுளே அவனைக் கடிந்துகொள்வதும் அதே புத்தகத்தில் இருக்கிறது. 42:6-இல் யோபு தன்னையே அருவருக்கிறானா, தன் வாதத்தைக் கைவிடுகிறானா என்று எபிரெயம் படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், ஏனென்றால் மூல வினைச்சொல்லுக்குச் செயப்படுபொருள் அங்கே இல்லை. அதனால் நீங்கள் கத்திய ஒவ்வொரு சொல்லும் சரி என்று நான் சான்று தர மாட்டேன். வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் எங்கே முறுமுறுத்தார்கள் என்று சங்கீதம் 106 சொல்கிறது: "தங்கள் கூடாரங்களில்." கடவுளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர். சங்கீதக்காரனும் எரேமியாவும் ஆபகூக்கும் அவரிடமே போய்க் கத்தினார்கள். சிலுவையில் இயேசுவும் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அவரிடமே கேட்டார். கடவுளின் முகத்தைப் பார்த்துக் கோபிக்கிறவர் அவரை இன்னும் விட்டுப் போகவில்லை என்றுதான் நான் வாசிக்கிறேன்.

2009 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். நீலகிரி முழுவதும் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த நாட்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தாயின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் ஒப்பாரி வைத்து அழுதார். நம் பாட்டிமார் வைக்கும் அதே ஒப்பாரிதான்: செத்தவனைத் திட்டி, கொண்டுபோனவரையும் திட்டி. விசுவாசிகள் இப்படி அழக்கூடாது, சாட்சி கெட்டுவிடும் என்று மூப்பர் ஒருவர் அதட்டினார். அந்த அம்மாவின் வாய் மூடிக்கொண்டது. அதட்டியவரைத் தடுக்க எனக்கு அன்று தைரியம் வரவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் போனேன். அவருக்கு எழுத்து தெரியாது. பேத்தியை உட்காரவைத்து 88-ஆம் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னேன். ஆறுதல் சொல்லாமல் முடியும் சங்கீதம் அது, சிநேகிதனையும் தோழனையும் தூரமாக விலக்கினீர் என்று இருட்டிலேயே நின்றுவிடும். முடிந்ததும் அந்த அம்மா பேத்தியின் கையிலிருந்த பைபிளை வாங்கி, அந்தப் பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "இதை எழுதினவனுக்கும் யாரோ செத்திருக்காங்க ஐயா" என்றார். அந்தச் சங்கீதத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று நான் கவனித்ததே அன்றுதான். கோராகின் புத்திரர். எண்ணாகமம் 26:11 சொல்கிறது, "கோராகின் குமாரரோ சாகவில்லை." ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர் என்று கேட்கும் 44-ஆம் சங்கீதமும் அவர்களுடையதுதான். உங்களை மிரட்டக் காட்டிய அந்தப் பெயரின் பிள்ளைகள், உங்களுக்கு வாய் வராத ஜெபத்தை எழுதிவைத்திருக்கிறார்கள்.

மன்னிக்கப்படாத பாவத்தைப் பற்றிய பயம் வேண்டாம். மாற்கு மூன்றாம் அதிகாரத்தில் அந்த எச்சரிக்கை வருகிறது. இயேசு செய்த நன்மையைக் கண்ணால் கண்ட பிறகும், அவருக்குள் அசுத்த ஆவி இருக்கிறது என்று சொன்ன வேதபாரகருக்கு அது சொல்லப்பட்டது. அதன் எல்லை எதுவரை என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. ஆனால் துக்கத்தில் கத்திவிட்டு மன்னிப்பு உண்டா என்று அழுகிறவரை அங்கே கொண்டுபோய் நிறுத்த முடியாது. முப்பது வருடத்துக்கு மேலான ஊழியத்தில் இந்தப் பயத்தோடு என்னிடம் வந்தவர்கள் எல்லாரும் கடவுளை விட முடியாமல் வந்தவர்கள்தான்.

கணக்கைத் திரும்பவும் கேட்பதா விடுவதா என்பது உங்கள் முடிவு. கேட்பதானால் தனியாகப் போகாதீர்கள். இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, எழுத்தில் கேளுங்கள். தூக்கமில்லாமலும் சாப்பிட முடியாமலும் மாதக்கணக்காகப் போகிறது என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அது என் துறை அல்ல.

ஆராதனைக்குப் போகலாம். அங்கேதான் போக வேண்டும் என்பதும் இல்லை, இந்த மலையில் கோவில்களுக்குப் பஞ்சமில்லை. கடைசி வரிசையில் உட்காருங்கள், பாட வராவிட்டால் பாட வேண்டாம். நான் சொன்ன அந்த அம்மா ஈஸ்டர் வரைக்கும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் வந்தார், பாட்டுப் புத்தகத்தை மூடியே மடியில் வைத்திருந்தார். நானும் ஏன் என்று கேட்கவில்லை.